கண்ணாடி மனையில் கமேலியா

கேமரன் மலையில் தேயிலை கிள்ளிய நம் முன்னோர்க்கு அச்செடியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், தேயிலையோடு ஒரே இனத்தைச் சேர்ந்த அழகிய உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதுவே கமேலியா என்னும் பூஞ்செடி. சீனம், சப்பான் முதலிய கீழ்த்திசை நாடுகளில் தோன்றிய அது, ஐரோப்பியக் குளிரில் வேர்கொண்ட வரலாறு அறிந்து இன்புறத்தக்கது.

இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்தில் தார்ன்டன் என்னும் மாளிகையில் வாழ்ந்த பீட்டர் பிரபு, அயல்நாட்டுச் செடிகளின்மீது தீராக் காதல் கொண்டவர். அந்நாட்டில் முதன்முதலாகக் கமேலியா மலர்ந்தது 1739ஆம் ஆண்டு அவருடைய தோட்டத்திலேதான். கீழ்த்திசைச் செடியாயிற்றே, குளிர் தாங்காது என்றெண்ணி, அடுப்பு மூட்டிய கண்ணாடி மனையில் அதனை வைத்துப் போற்றினர். அவ்வெப்பம் தாளாமல் அச்செடிகள் மாண்டன என்பர். குளிர் கொல்லவில்லை, கருணையே கொன்றது!

பின்வந்தோர் பிழையை உணர்ந்தனர். கமேலியாவுக்கு வேண்டுவது அனல் அன்று. பனியைத் தடுக்கும் அளவான காப்பே எனக் கண்டனர். இலண்டனை அடுத்த சிசுவிக்கில் 1813இல் ஏறத்தாழ 300 அடி நீளமுள்ள கண்ணாடி மனை எழுந்தது. பின்னர் அது கமேலியாக்களின் இல்லமாயிற்று. தட்பவெப்பம் மென்மையான தென்மேற்கு இங்கிலாந்தில், மதிலோரப் பாத்திகளிலும் அது செழித்தது. எனினும் கிழக்கு நோக்கிய மதிலைத் தோட்டக்காரர் தவிர்ப்பர். இரவுப் பனியில் உறைந்த மொட்டுகள் காலை வெயில் பட்டு விரைந்து உருகினால் கருகிவிடும் அன்றோ?

செருமனியின் திரெசுடன் நகருக்கு அண்மையிலுள்ள பில்னிட்சு அரண்மனைத் தோட்டத்தில், 1801இல் நடப்பெற்ற கமேலியா ஒன்று இன்றும் நிற்கிறது. 1905ஆம் ஆண்டு கடுங்குளிர்காலத்தில் அதன் காப்பு மனை தீப்பற்றி எரிந்தது. தீயணைக்க ஊற்றிய நீர் செடியின்மேல் பனிக்கட்டியாய் உறைந்து, போர்வையாகிக் காத்தது. செடி மீண்டும் துளிர்த்தது. 1992 முதல் நகரும் கண்ணாடி மனை ஒன்று அதற்கு அரணாய் உள்ளது. குளிர்காலத்தில் அம்மனை செடியை மூடி நிற்கும்; உள்ளே 4 முதல் 6 பாகை வெப்பமே பேணப்படும். வேனில் பிறந்ததும் மனையை ஒருபுறம் தள்ளிவைத்து, செடியை வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவர்.

மூட வேண்டிய பொழுது மூடுதலும், விலக வேண்டிய பொழுது விலகுதலுமே வளர்ப்பின் நுட்பம். பீட்டர் பிரபுவின் அன்பில் குறையில்லை, அளவே தெரியவில்லை. இளஞ்செடியை வளர்ப்போர்க்கு உரிய இப்பாடம், இளம் உள்ளங்களை வளர்க்கும் ஆசிரியர்க்கும் உரியதாகும்.