பெயர்ப் பட்டியலுக்குப் பயந்த ஆட்சி

உலகக் கிண்ணக் காலத்தில் நம் ஊர்களிலும் ஆர்ஜென்டீனாவின் நீல வெள்ளைக் கொடி பறக்கும். அந்த நாடு முதன்முதலாகக் கிண்ணம் வென்ற 1978இல் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

1976 மார்ச் 24இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஜெனரல் விதேலா ஜனாதிபதியானார். தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் என்று பலரைப் பிடித்துச் சென்றார்கள். வழக்கு இல்லை, பதிவு இல்லை, உடலும் இல்லை. தலைநகர் புவனஸ் அயர்ஸில் கடற்படையின் தொழில்நுட்பப் பாடசாலை இரகசியச் சித்திரவதை முகாமாக இருந்தது. இறுதிப் போட்டி நடந்த மைதானம் அங்கிருந்து அதிக தூரமில்லை.

1977 ஏப்ரல் 30இல் 14 பெண்கள் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னாலுள்ள மே சதுக்கத்துக்கு வந்தார்கள். கூடி நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது பொலிஸ். அதனால் இருவர் இருவராகச் சுற்றி நடந்தார்கள். பின்னர் வெள்ளை நெப்பித் துணியைத் தலையில் கட்டி, வியாழக்கிழமை தோறும் நடந்தார்கள்.

பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டி, காசு சேர்த்து, 1977 டிசம்பர் 10, மனித உரிமைகள் தினத்தில் பத்திரிகை விளம்பரமாக வெளியிட்டார்கள். அதே நாளில், அவர்களை ஒன்று திரட்டிய அசுசேனா வில்லாபுளோர் வீட்டருகே கடத்தப்பட்டார். விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்ட அவருடைய உடல் கரையொதுங்கி, பெயரின்றிப் புதைக்கப்பட்டது. 2005இல்தான் அது அவர் என்று மரபணுப் பரிசோதனை உறுதி செய்தது.

1983இல் இராணுவ ஆட்சி முடிந்தது. குடும்பங்களின் சாட்சியங்களைக் கேட்ட ஆணைக்குழு கிட்டத்தட்ட 9,000 பேரைப் பதிவு செய்தது. 30,000 பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். 1985இல் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இடையில் பொதுமன்னிப்பில் வெளியே வந்தாலும், மீண்டும் வழக்குகள் தொடர்ந்தன. 2013இல் சிறையிலேயே இறந்தார்.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 1990இல் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்டோரின் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரம் இருந்ததைப் பார்த்தோம். தெற்கிலும் அப்படிப்பட்ட தாய்மார் உண்டு. எந்த இனத்தின் பிள்ளையானாலும், அவர்கள் 'காணாமல் போனவர்கள்' அல்ல, 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்'. அந்த ஒரு சொல்லுக்குள் செய்தவன் இருக்கிறான்.

நம் வீட்டிலோ அயலிலோ அப்படி யாரேனும் இருந்தால் பெயர், வயது, திகதி, இடம், கண்டவர் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வைப்போம். கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.