இடம் தேடிய மாணவர்களும் திராவிடர் இல்லமும்

முதலாண்டு முடிந்து கல்லூரி விடுதியை விட்டு வெளியேறும் மாணவர் பலர், திருவல்லிக்கேணி மேன்சன்களின் படிகளில் ஏறி இறங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அதே திருவல்லிக்கேணியில் நூறாண்டுகளுக்கு முன்னரும் இத்தேடல் நிகழ்ந்தது. ஆனால், அன்று தடையாக நின்றது வாடகை மட்டுமன்று.

வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்க இடமும் உண்ண உணவும் கிடைப்பது அரிதாயிருந்தது. உணவு விடுதிகள் பலவும் பிராமணர் நடத்தியவை. அங்கே மற்றவர் உடனமர்ந்து உண்ண இயலாது. கல்லூரியில் இடம் கிடைத்தும் தங்க இடமின்மையால் அவர்தம் கல்வி தடுமாறியது.

இக்குறையை உணர்ந்தவர் மருத்துவர் சி. நடேசனார். 1912-இல் அவர் முன்னின்று தொடங்கிய அமைப்பே பின்னர் சென்னைத் திராவிடர் சங்கம் எனப் பெயர் பெற்றது. 1916-இல் திருவல்லிக்கேணி அக்பர் சாகிப் தெருவில் ‘திராவிடர் இல்லம்’ என்னும் மாணவர் விடுதியை அவர் திறந்தார். விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அங்குத் தங்கிப் பயின்றவர் என்பர்.

நீதிக்கட்சி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1916 நவம்பர்க் கூட்டத்திலிருந்து தொடங்குவர். அதற்குச் சில மாதங்கள் முன்னர்த் திறந்த இவ்விடுதியின் வாசலிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது நம் எண்ணம். மேடைப்பேச்சுக்கு முன்பே அங்கே ஒரு பாயும் ஒரு பந்தியும் இருந்தன.

இல்லம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆயினும், வீடு கேட்டு வரும் மாணவனிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என வினவும் உரிமையாளர் இன்றும் உளர். அக்கேள்வி உள்ளவரை நடேசனாரின் விடுதியைப் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.