கரிசல் சீமையில் துப்பாக்கி: விலையும் மதிப்பும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மானாவாரிக் கரிசல் பகுதி, தென்னிந்தியத் துப்பாக்கி வரலாற்றில் மூன்று முறை முக்கிய இடம் பெறுகிறது. முதலாவது, 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்கள். இரண்டாவது, அப்போருக்குப் பின் வந்த ஆயுதப் பறிப்பு. மூன்றாவது, 1911இல் மணியாச்சி இரயில் சந்திப்பில் நடந்த சுடுதல். இம்மூன்றிலும் விலை உயர்ந்த ஆயுதம், மலிவான ஆயுதம் என்ற பேதமும், அதையொட்டிய ஏளனமும் ஏதோ ஒரு வடிவில் வருகின்றன. இன்று துப்பாக்கி சுடும் பயிற்சித் தளங்களில் இளைஞர்கள் எதிர்கொள்ளும் "உன்னிடம் எந்தக் கம்பெனி பிஸ்டல்?" என்ற கேள்வி புதிதன்று. அதற்கு இருநூறு ஆண்டு வயது உண்டு.

பாளையத்துத் துப்பாக்கியும் கம்பெனித் துப்பாக்கியும்

வகுப்பில் பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "வெள்ளைக்காரனிடம் துப்பாக்கி இருந்தது, நம்மிடம் வேல்கம்புதானே இருந்தது, ஐயா?" என்பதுதான். திரைப்படங்கள் பதித்துவிட்ட எண்ணம் இது. பாளையங்களில் துப்பாக்கி தாராளமாகவே இருந்தது. அது திரித்துப்பாக்கி. மெதுவாகப் புகைந்து எரியும் கயிற்றுத் திரியை ஒரு கொக்கியில் மாட்டியிருப்பார்கள். விசையை இழுத்தால் திரி கீழே இறங்கி மருந்துக் கிண்ணத்தைத் தொடும். உள்ளூர்க் கொல்லர்களே செய்யவும் பழுது பார்க்கவும் கூடிய எளிய அமைப்பு அது.

கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்தது தீக்கல் துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறந்து மருந்தைப் பற்ற வைக்கும். எரியும் திரியைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம், முனையில் சனியனைப் பொருத்திக் குத்தவும் செய்யலாம். திரித்துப்பாக்கிக்கு இந்த வேகம் கிடையாது. இரவில் திரியின் கங்கு எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் குறி என்று வந்தால் கதை வேறு. கம்பெனித் துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல வாய் கொண்டது. உள்ளே போடும் குண்டு அதைவிடச் சிறியது. நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிபார்த்துச் சுடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததே. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்காக உருவான ஆயுதம் அது. நீண்ட குழல் கொண்ட இந்தியத் திரித்துப்பாக்கி நின்று நிதானமாகச் சுடுபவனுக்குக் கூடுதல் தூரம் தந்தது என்று ஐரோப்பிய அதிகாரிகள் சிலரே எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்ல வேண்டும். நம் பாடநூல்களில் "நவீன ஆயுதம்" என்று வருகிற அந்தக் கம்பெனித் துப்பாக்கி, பிரிட்டனில் மலிவு ரகமாகவே பிறந்தது. பிரிட்டிஷ் அரசுப் படையின் துப்பாக்கிக் குழல் 42 அங்குலம். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரக் கணக்குப் பார்த்து, 39 அங்குலக் குழலும் எளிய பித்தளை வேலையும் கொண்ட ஒரு ரகத்தைத் தனக்கெனச் செய்வித்தது. அதற்கு "இந்தியா பேட்டர்ன்" என்று பெயர். பிரான்சுடன் போர் மூண்டதும் அரசுக்குத் துப்பாக்கி போதவில்லை. கம்பெனியின் இருப்பிலிருந்து வாங்கி, பிறகு 1797 முதல் அந்த மலிவு ரகத்தையே அரசுப் படைக்கும் செய்யத் தொடங்கினார்கள். நெப்போலியனை வாட்டர்லூவில் 1815இல் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் காலாட்படையின் கையில் இருந்தது பெரும்பாலும் இதுவே. இந்தியாவுக்கென்று குறைத்துச் செய்த சரக்கு ஐரோப்பாவின் பெரும்போரைச் சுமந்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் ஆயுத விலை மட்டும் வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் நடத்திய முதல் தாக்குதல் கோட்டைக்குள் நுழைய முடியாமல் நின்றது. சுவரைப் பிளக்கும் பெரிய பீரங்கிகள் அப்போது அவரிடம் இல்லை. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி, பின்னர் பிடிபட்டு, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தரைமட்டமாகிக் கிடந்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார்கள். மார்ச் 31இல் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் பெரும் சேதத்துடன் முறியடிக்கப்பட்டது. சுவரின் உடைப்பில் ஏறி வந்தவர்களை நீண்ட ஈட்டிகள் தடுத்து நிறுத்தின. கர்னல் அக்னியூ கனரக பீரங்கிகளுடன் வந்த பிறகுதான், மே 24இல் கோட்டை வீழ்ந்தது. எட்டயபுரம் பாளையத்தின் ஆட்கள் கம்பெனி பக்கம் நின்றதையும் மறக்கக் கூடாது. அவர்கள் கையிலும் இதே திரித்துப்பாக்கியும் ஈட்டியும்தான்.

அப்போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் தம் இராணுவ நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று அதில் அவர் குறிப்பிடுகிறார். துப்பாக்கி ஏந்திய படையின் அதிகாரி, முயலையும் மானையும் வீழ்த்தும் வளைந்த தடியை விரும்பிக் கற்றிருக்கிறார். ஆயுதத்தை உண்மையில் பயன்படுத்துகிறவர்களிடம் ஏளனம் குறைவு என்பது என் எண்ணம். பார்த்துப் பேசுகிறவர்களிடம்தான் அது அதிகம்.

ஆயுதப் பறிப்பும் உரிமமும்

போர் முடிந்ததும் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1ஆம் நாள் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், மீறினால் கடுந்தண்டனை. துப்பாக்கி மட்டுமன்றி ஈட்டியும் இதில் அடக்கம். 1803இல் பாளையங்கள் ஜமீன்களாயின. திரித்துப்பாக்கி செய்த கொல்லர்கள் கலப்பைக் கொழுவுக்கும் வண்டிப் பட்டாவுக்கும் திரும்பினார்கள்.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிமம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு உரிமம் தேவையில்லை. பட்டம் பெற்ற சிலருக்கும், குடகர் போன்ற சில வகுப்பாருக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தச் சட்டத்தின் விளைவாகத் துப்பாக்கி ஓர் அந்தஸ்துச் சின்னம் ஆயிற்று. ஜமீன்தார் வீட்டுச் சுவரில் இங்கிலாந்து இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்கும். கம்பங்கொல்லையைப் பன்றி அழிக்கிறது என்று மனுப் போட்ட சம்சாரிக்குக் கிடைப்பது, வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. காவல் நிலைய ஏடுகளில் அது "எஸ்.பி.எம்.எல்." என்ற நான்கெழுத்தாகப் பதிவாகும். நரிக்குறவர் தோளில் வெகுகாலம் கிடந்ததும் அந்த ரகமே. காடை, கௌதாரி, முயல் என்று அவர்கள் குடும்பம் நடத்தியது அதை வைத்துத்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிழைப்பை முடித்து வைத்தது. இன்றும் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அட்டை கட்டி அடுக்கும்போது சீமைத் துப்பாக்கிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் ஒரே அலமாரிதான்.

சீமைத் துப்பாக்கியின் பெருமையிலும் பாதி பெயரில் இருந்தது. இலண்டன் முத்திரை உயர்வு, பர்மிங்காம் முத்திரை தாழ்வு என்று அக்காலத்தில் கருதப்பட்டது. ஆனால் இலண்டன் கடைக்காரர்கள் பலர் பாகங்களையும், சில சமயம் முழுத் துப்பாக்கியையும், பர்மிங்காமில் வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்றார்கள். பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் செய்த ரிவால்வரையே இலண்டன் வில்கின்சன் கடை நன்கு மெருகேற்றி, தன் பெயரையும் சேர்த்து, கூடுதல் விலைக்கு இராணுவ அதிகாரிகளுக்கு விற்றது. அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைத் தம் பணத்தில் வாங்க வேண்டிய காலம் அது. ஆகவே இடுப்பில் தொங்குவது எந்தக் கடைச் சரக்கு என்பது விருந்து மேசையில் பேசப்படும் விஷயமாக இருந்தது.

மணியாச்சியில் பிரௌனிங்

1911 ஜூன் 17ஆம் நாள் காலை, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானல் செல்வதற்காக மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிவறைக்குள் ஓடி, தம்மையும் சுட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சி சுடப் பழகினார் என்று அரசின் விசாரணை அறிக்கைகள் கூறுகின்றன.

இந்தப் பிஸ்டல் எப்படிப்பட்டது? அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். தொழிற்சாலை 1900 முதல் செய்து விற்றது. லியேஜ் வட்டாரம் மலிவுத் துப்பாக்கிக்குப் பேர்போனது. 0.32 அங்குலத் தோட்டா சிறியது. கனத்த 0.455 அங்குல வெப்லி ரிவால்வரைச் சுமந்த பிரிட்டிஷ் அதிகாரியின் கண்ணுக்கு அது சட்டைப்பை விளையாட்டுச் சாமானாகத் தெரிந்திருக்கும். ஆனால் தட்டையானது, மறைத்து வைக்க எளிது. இயந்திரத்தில் ஒரே அச்சாக இலட்சக்கணக்கில் தயாரானதால் உலகெங்கும் கிடைத்தது. 1909இல் ஹார்பின் இரயில் நிலையத்தில் ஜப்பானிய முன்னாள் பிரதமர் இட்டோவைக் கொரியரான ஆன் ஜுங் குன் சுட்டதும், அதே ஆண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டதும் பிரௌனிங்கால்தான். நாசிக்கில் பயன்பட்டது, இலண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபது பிஸ்டல்களில் ஒன்று.

ஆஷின் கொலையை எப்படி மதிப்பிடுவது என்பதில் வரலாற்றறிஞர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. ஆயுத வரலாற்றின் கோணத்தில் ஒன்று தெளிவு. 1801இல் ஈட்டியைக்கூடப் பறித்த அரசு, 110 ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில், சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு தொழிற்சாலைச் சரக்கைத் தடுக்க முடியவில்லை.

0.32இன் மறுபிறப்பு

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962இல் நடைமுறைக்கு வந்தது. 9 மில்லிமீட்டர், 0.38, 0.455 போன்ற இராணுவ, காவல்துறை அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. எனவே உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் 0.32 அல்லது 0.22. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் நின்றது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்த பழைய வெப்லி, வால்தர் போன்றவற்றின் விலை விண்ணைத் தொட்டது. வெளிநாட்டில் பழைய இரும்பு விலைக்கு அடுத்தபடியாகப் போகும் துப்பாக்கிக்கு இங்கே இலட்சங்கள். தரத்துக்கும் விலைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அரிதாக இருப்பதே விலை என்றாயிற்று. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் 0.32 ரிவால்வர் பழைய வெப்லி வடிவத்தின் வழிவந்ததுதான். ஆயினும் "சர்க்கார் சாமான்" என்று அதை இளப்பமாகப் பேசுவோர் உண்டு. 2014இல் அதே தொழிற்சாலை டைட்டானியக் கலவையில் "நிர்பீக்" என்ற இலகு ரிவால்வரை வெளியிட்டபோது அதன் விலை ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். டெல்லிக் கொடுமையில் உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய பெயரை நினைவூட்டி, பெண்களின் பாதுகாப்புக்கென்று அது விளம்பரமானது. அந்த விலையில் எந்தப் பெண் வாங்குவாள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது, நியாயமான கேள்வியும்கூட.

பயிற்சித் தளத்துக்கு வருவோம். சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களின் ரைபிள் கிளப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளை பெரும்பாலும் 10 மீட்டர் காற்றழுத்தப் பிஸ்டலில் தொடங்குவான். 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. இங்கே விலைக்கு ஓரளவு பொருள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆஸ்திரிய ஸ்டெயர், சுவிஸ் மொரினி போன்றவற்றில் விசையின் இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும், பிடி கைக்கேற்பச் செதுக்கப்பட்டிருக்கும். உள்நாட்டு மலிவு ரகத்தில் இந்த ஒருமை குறைவு. ஆனால் முதல் ஓராண்டில் பிள்ளையின் கை நடுக்கமும் மூச்சும் செய்யும் பிழை, துப்பாக்கி செய்யும் பிழையைவிடப் பல மடங்கு பெரியது. அந்த ஓராண்டில்தான் "இதை வைத்துக்கொண்டா சுடுகிறாய்?" என்ற பேச்சு காதில் விழுந்து பலர் விலகுகிறார்கள்.

உயர்ந்த விலை தவறாமையைத் தருவதுமில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டலில் மின்விசைக் கோளாறு ஏற்பட்டு, பழுது பார்ப்பதிலேயே மதிப்புமிக்க நிமிடங்கள் போயின, இறுதிச் சுற்று கைநழுவியது. 2024 பாரிஸில் அவரே இரண்டு வெண்கலம் வென்றார். அதே பாரிஸில் கண்மறைப்பும் சிறப்புக் கண்ணாடியும் இல்லாமல், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு வெள்ளி வென்ற துருக்கியர் யூசுஃப் டிகெச்சை "எந்தச் சாதனமும் இல்லாதவர்" என்று இணையம் கொண்டாடியது. அது பாதி உண்மை. அவர் கையில் இருந்த பிஸ்டல் உயர்தரப் போட்டி ரகமே. எளிமை என்று நாம் கொண்டாடுவதையும் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளில் பலருக்குத் துப்பாக்கியின் முதல் அறிமுகம் கிளப்பில் அன்று, என்.சி.சி. முகாமில்தான். அங்கே தருவது 0.22 டீலக்ஸ் ரைபிள். 43 அங்குல நீளம், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. பல தலைமுறை மாணவர் தோள் பட்டு மெருகேறிய கட்டை. தரையில் படுத்து, 25 கஜத்தில் ஆளுக்கு ஐந்து தோட்டா. அடுத்த வரிசைக்கும் அதே ரைபிள்தான்.