கிருமியிடம் ஒரு கேள்வி

சூளகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் சூலம் போன்ற அந்த மலை எதிரே தெரியும். 1954-ஆம் வருஷம் என் பெரியப்பா அந்தத் திண்ணையில்தான் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். அவருக்கு க்ஷயம். எனக்கு அப்போது எட்டு வயது. கட்டிலை நெருங்கக் கூடாது என்பது வீட்டின் கண்டிப்பான உத்தரவு.

எங்கள் பக்கம் அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. வசதியுள்ளவர்கள் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியத்துக்குப் போவார்கள். பெரியப்பாவின் கைக்கு அது எட்டவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் போட்டுக் கொண்டார். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது, முகம் தெளிந்தது, கடைத்தெரு வரை நடந்து போய் வந்தார். நாலாம் மாதம் காய்ச்சல் திரும்பி வந்தது. அதே ஊசி, அதே அளவு. பலிக்கவில்லை. காரணத்தை உறவினர்கள் உடனே கண்டுபிடித்து விட்டார்கள்: பெரியம்மா பத்தியம் தப்பி மோர் ஊற்றினாளாம்! பெரியப்பா போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை.

வெகு காலத்துக்குப் பிறகுதான் இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆராய்ச்சிச் சாலையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். இங்கிலாந்தில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளை எடுத்துக் கொண்டு, 55 பேருக்கு ஊசியும் மற்றவர்களுக்குப் படுக்கை ஓய்வும் அளித்துப் பார்த்து, 1948-இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில் ஊசி போட்டுக் கொண்டவர்களே தேறியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய சளியைச் சோதித்தபோது ஒரு விபரீதம் தெரிந்தது. பெரும்பாலோர் உடம்பில் இருந்த கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போயிருந்தன. பழகியது என்பதுகூடச் சரியில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஆதியிலிருந்தே சில மருந்துக்கு மசியாதவை. மற்றவை மடிந்ததும், காலியான நிலத்தில் அவை செழித்துவிட்டன. களை எடுக்கிறோம் என்று பயிரைப் பிடுங்கிக் களைக்கு இடம் விட்ட கதைதான்.

ஒருவருடைய கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று எப்படி அறிவது? சாதாரணக் கிருமிகளுக்கு வழி சுலபம். தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை மேலே வைத்தால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் தெரியும். 1966-இல் சியாட்டிலில் பாயரும் கிர்பியும் அவர்களுடைய சகாக்களும் இந்த முறைக்கு ஒரு திட்டமான அளவை வகுத்தார்கள். ஆனால் அந்தக் கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பவை. க்ஷயக் கிருமியோ ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக் கொள்ளும் மகா சோம்பேறி!

அதற்கென்று இருந்தது ஒரு முட்டைச் சமையல். கோழி முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி உடைத்து, கிளிசரினும் உப்புகளும் மாலகைட் பச்சை என்ற சாயமும் கலந்து, சிறு குப்பிகளில் ஊற்றிச் சாய்த்து வைத்து, உறையும் மட்டும் சூடாக்குவார்கள். பச்சை நிறத்தில் சரிவான ஒரு வயல் கிடைக்கும். இதற்கு லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகம் என்று பெயர். நோயாளியின் சளியிலுள்ள மற்றக் கிருமிகளைக் காரத்தால் கொன்றுவிட்டு, எஞ்சியதை அதில் விதைக்க வேண்டும். மூன்று நாலு வாரத்தில் ரொட்டித் துணுக்குப் போல முளை தெரியும். அதை எடுத்து மறுபடியும் விதைக்க வேண்டும். ஒரு குப்பியில் மருந்து இராது, மற்றவற்றில் இருக்கும். ஐசோனியாசிட் என்றால் மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் போதும். மறுபடியும் நாலு வாரம், ஆறு வாரம். மருந்துக் குப்பியில் முளைத்தவை மருந்தில்லாத குப்பியில் முளைத்தவற்றில் நூற்றுக்கு ஒன்றை எட்டினாலே அந்த மருந்தை நம்பக் கூடாது என்பது பின்னால் கானெட்டி வகுத்த கணக்கு.

இந்தக் குப்பிகளை வரிசை வரிசையாக அடுக்கிய இடம் நம் சென்னைதான். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் சேர்ந்து க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை அங்கே தொடங்கினார்கள். தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். லண்டனிலிருந்து டெனிஸ் மிட்சிசன் கிருமி ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும் சேர்த்து ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை விழுங்குகிறார்களா, ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், மூத்திரத்தையும் சோதித்தார்கள்.

1959-இல் வந்த முடிவு உலகத்தைத் திகைக்க வைத்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 பேருக்கு. நல்ல காற்றும் பாலும் முட்டையும் படுக்கையும் தந்த லாபம் அவ்வளவே. அடுத்த ஆராய்ச்சியில் ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மருந்து பெற்றவர்களைவிடத் தனி மருந்துக்காரர்களில் பலர் தோற்றார்கள். அவர்களுடைய குப்பிகளில் எதிர்ப்புக் கிருமி முளைத்தது. ஒரு மருந்துக்குத் தப்புவதை மற்றொரு மருந்து பிடிக்க வேண்டும் என்பதற்குச் சென்னைச் சாட்சியம் அது. இன்று ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்று இரண்டே மணி நேரத்தில் சொல்லும் இயந்திரம் இருக்கிறது. 2010-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

பெரியப்பாவின் சளியை யாரும் பச்சைக் குப்பியில் விதைக்கவில்லை. ஆகவே இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பெரியம்மாவுக்கு எழுபது வயதான பிறகு ஒரு நாள் மாலை, அதே திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தனி ஊசி, தப்பிய கிருமி, முட்டைக் குப்பி, எல்லாம். முறத்தில் இருந்த கொள்ளில் கல் பொறுக்கியபடியே கேட்டுக் கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்போ மோர் இல்லையாடா?" என்றாள்.

"இல்லை பெரியம்மா."

"இதை உன் அத்தைகிட்டே போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள். அத்தை காலமாகி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.