கடற்காற்றை நம்பிய நகரம்

காலை ஏழு மணிக்கு முன்னரே வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் மாணவரைப் பாருங்கள். வாகனங்கள் கக்கும் புகைக்கு அண்மையில் இருப்பது பெரியவரின் மூக்கன்று; சிறுவரின் மூக்கே. அவர்களுள் ஓரிருவரின் புத்தகப்பையிலே தொய்வு நோய்க்கான இன்ஹேலரும் இருப்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். இது விதியென்பர் சிலர். பரம்பரை என்பர் வேறு சிலர். பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு. ஆனால், நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஆக்கியோர் மனிதரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்புத் துறைமுகம் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் துறையாக விளங்கிற்று. அந்தத் துறைமுகத்தை அடுத்தே கொட்டாஞ்சேனை வளர்ந்தது. தெற்கே வெள்ளவத்தையில் நெசவாலை எழுந்தது. 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் எமது தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஆலை அது. பஞ்சுத் தூசு பறக்காத நூற்பாலை உலகில் எங்கே உண்டு? அன்று தூசும் கரியும் உழைப்பவனின் நெஞ்சையே முதலிற் சென்றடைந்தன.

1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாயின. நாற்பது பேர் ஒரே வண்டியிற் செல்வது பணத்துக்கு மட்டுமன்றிக் காற்றுக்கும் சிக்கனமன்றோ? 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் இப்பாதையை மாற்றிற்று. தனியார் வாகனங்களும் முச்சக்கர வண்டிகளும் பெருகின. இன்று குளிரூட்டிய காரின் கண்ணாடிக்குள் இருப்பவர் விடும் புகையை வீதியோரத்தில் நிற்கும் பிள்ளை சுவாசிக்கிறது.

புகையிலுள்ள துகள்களுள் 2.5 மைக்குரோமீற்றரிலும் சிறியவை தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. அவை நுரையீரலின் அடியிலுள்ள காற்றறைகள் வரை செல்கின்றன. குழந்தையோ தன் உடல் நிறைக்கு ஒப்பிடுகையிற் பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் நுரையீரலும் வளர்ந்து முடியவில்லை. தென் கலிபோர்னியாவிற் பல்லாண்டுகளாக நடைபெற்ற ஆய்வு, மாசு மிகுந்த ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி குன்றுவதைக் காட்டியது. காற்று தூய்மையடைந்தபோது அவ்வளர்ச்சி மேம்பட்டதையும் அதே ஆய்வு 2015இல் எடுத்துரைத்தது.

எமக்குக் கடல் இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். தென்மேற்குப் பருவத்தில் அது உண்மையே. கடற்காற்று புகையை அள்ளிச் செல்கிறது. வடகீழ்ப் பருவத்திலோ காற்று நிலத்திலிருந்து வீசுகிறது. 2022 டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த மாசும் தீய வானிலையும் சேர்ந்து பாடசாலைகளை ஒரு நாள் மூடச் செய்தன. அன்று வந்த மாசை எல்லோரும் கண்டனர். நாள்தோறும் எமது வீதிகளில் எழுவதைக் காண்பவர் யார்?

இதை மாற்ற முடியாதென்பது பொய். 1952 டிசம்பரில் இலண்டனின் புகைமூட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. 1956இற் சட்டம் வந்தது. இலங்கையிலே 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. அதே ஆண்டு நுண்துகளுக்கு வகுக்கப்பட்ட வருடாந்த எல்லை, கன மீற்றருக்கு 25 மைக்குரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்த எல்லையோ 5 மட்டுமே. இந்த இடைவெளியிலேதான் எமது பிள்ளைகள் மூச்சு விடுகின்றனர்.

ஆகவே, இன்ஹேலர் வாங்கிக் கொடுப்பதோடு எமது கடமை தீர்ந்துவிடாது. ஒழுங்கான பொதுப் பஸ் சேவையும், பாடசாலை வாயில்களிற் காற்றை அளந்து அறிவிக்கும் ஏற்பாடும், ஏய்க்க முடியாத புகைப் பரிசோதனையும் வேண்டுமென்று ஆசிரியரும் மாணவரும் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டும். காற்றுக்கு விலையில்லை என்கிறோம்; அதன் விலையைப் பிள்ளைகள் செலுத்திக்கொண்டிருக்கின்றனர்.