சோவியத் வீழ்ந்த பின் ஒரு பருத்தி நாடும் அதன் மஹல்லாக்களும்



பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் நமக்குப் பருத்தி இல்லையேல் நூல் இல்லை. நூல் இல்லையேல் அடுப்பெரியாது. இதே பருத்தியை நம்பி வாழ்ந்த மற்றொரு முஸ்லிம் சமுதாயம் மத்திய ஆசியாவில் உண்டு. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த புகாராவும், அவர்கள் அடங்கியுள்ள சமர்கந்தின் சுற்றுப்புறமும் இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கின்றன. 1991 வரை அந்நாடு சோவியத் யூனியனின் 15 குடியரசுகளுள் ஒன்றாக இருந்தது. அந்தக் கம்யூனிஸ அரசு வீழ்ந்த பின் அம்மக்களின் வாழ்வு எவ்வாறு மாறியது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். ஏனெனில் அங்கும் மக்கள் கூடி வாழும் அமைப்பின் பெயர் 'மஹல்லா' என்பதே.

நம் நாட்டில் உணரப்பட்ட அதிர்வு

1991 டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார். மறுநாள் சோவியத் யூனியன் முறைப்படி கலைந்தது. அதன் அதிர்வு நம் நாட்டுப் பின்னலாடைத் தொழிலையும் தாக்கிற்று. 1953இல் கையெழுத்தான வர்த்தக உடன்படிக்கையைத் தொடர்ந்து, இரு நாடுகளும் ரூபாய்க் கணக்கிலேயே வாணிபம் செய்து வந்தன. லூதியானாவின் கம்பளிப் பின்னலாடைகள் பெருமளவில் சோவியத்துக்கே சென்றன. வாங்கியது ஓர் அரசு. அந்த அரசு மறைந்தபோது ஆர்டர்களும் மறைந்தன. பல தொழிற்கூடங்கள் முடங்கின.

திருப்பூருக்கு அந்த அடி விழவில்லை. 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து தொடங்கிய நம் ஏற்றுமதி, மேற்கு ஐரோப்பாவையே பெரிதும் சார்ந்திருந்தது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் நமக்கு அனுகூலமாயிற்று. ஆயினும் இதில் நாம் பெருமை கொள்ள ஏதுமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் துன்பம் எத்தகையது என்பதை நம் ஊரும் உணர்ந்தது.

அரசு மறைந்த இடத்தில்

சோவியத் நாடுகளில் வேலை, வீடு, மருத்துவம், ஓய்வூதியம் யாவும் அரசின் கையில் இருந்தன. எனவே அரசு சரிந்தபோது அவை அனைத்தும் ஒருசேர ஆட்டங்கண்டன. 1992 ஜனவரியில் ரஷ்யா விலைக்கட்டுப்பாட்டை நீக்கிற்று. ஒரே ஆண்டில் விலைகள் 20 மடங்குக்கு மேல் உயர்ந்தன. வாழ்நாள் சேமிப்புகள் கரைந்தன. அந்நாட்டு ஆண்களின் சராசரி ஆயுள் 1990க்கும் 1994க்கும் இடையில் ஏறத்தாழ 6 ஆண்டுகள் குறைந்தது. தஜிகிஸ்தானில் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அதன் பின் அந்நாட்டு இளைஞர்கள் கட்டட வேலை தேடி ரஷ்யாவுக்குப் பெருங்கூட்டமாகச் சென்றனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊருக்கு வரும் இளைஞர்களைக் காணும் நமக்கு, அவர்கள் விட்டு வந்த வீடுகளின் நிலை தெரியாததன்று.

மார்க்கத் துறையிலும் மாற்றம் வந்தது. சோவியத் ஆட்சியில் விரல்விட்டு எண்ணத்தக்க மதரஸாக்களே இயங்க அனுமதி பெற்றிருந்தன. புகாராவின் மீர் அரப் மதரஸா அவற்றுள் ஒன்று. 1991ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூட்டிக் கிடந்த பள்ளிவாசல்கள் திறக்கப்பட்டன. ஆனால் அறுந்த தொடர்ச்சியை எளிதில் மீட்க இயலவில்லை. உஸ்பெக் மொழியின் எழுத்து 1920களின் இறுதியில் அரபியிலிருந்து லத்தீனுக்கும், 1940இல் ரஷ்ய எழுத்துக்கும் மாற்றப்பட்டது. 1993இல் மீண்டும் லத்தீன் எழுத்துக்கே சட்டம் வந்தது. பாட்டனார் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத நிலை உருவாயிற்று.

மஹல்லாவின் உயர்வும் சரிவும்

இத்தகைய காலத்தில் மக்களுக்கு எஞ்சியிருந்த துணைகளுள் முதன்மையானது மஹல்லா. திருமணம், ஜனாஸா முதலியவற்றை அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்துவர். ஒருவர் வீடு கட்டினால் மற்றவர்கள் கூலியின்றி உழைப்பர். அதனை 'ஹஷர்' என்பர். சோவியத் ஆட்சியிலும் இவ்வழக்கம் அழியவில்லை. 1994 முதல் ஏழைக் குடும்பங்களுக்கான அரசின் உதவித்தொகையைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு மஹல்லாக் குழுக்களிடம் தரப்பட்டது. எந்த வீட்டில் வறுமை என்பதைத் தலைநகர அதிகாரியைவிடத் தெருவின் பெரியவரே நன்கறிவார் என்பது அதன் நியாயம்.

ஆனால் அரசின் பணத்தோடு அரசின் ஏவலும் வந்தது. 1998இன் மதச் சட்டம், பதிவு பெறாத வழிபாட்டைக் குற்றமாக்கிற்று. யார் பள்ளிவாசலுக்கு அடிக்கடி செல்கிறார், யார் தாடி வைத்துள்ளார் என்று கண்காணித்துக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் வேலையில் மஹல்லாக் குழுக்கள் ஈடுபடுத்தப்பட்டதை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் விரிவாக வெளியிட்டது. வீட்டின் வறுமையை அறிந்த அதே பெரியவர், வீட்டைக் காட்டிக் கொடுப்பவராகவும் ஆக்கப்பட்டார்.

பருத்தி வயலிலும் இதுவே நடந்தது. சோவியத் காலத்தில் ஆமு தர்யா, சிர் தர்யா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றியது. மொய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் நின்றன. விடுதலைக்குப் பின்னரும் கொள்முதல் இலக்கை அரசே விதித்தது. அறுவடைக் காலத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் கட்டாயமாகப் பருத்தி எடுக்க அனுப்பப்பட்டனர். அதற்கு ஆள் சேர்த்தவற்றுள் மஹல்லாக் குழுக்களும் இருந்தன. உலகின் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் பயன்படுத்துவதில்லை என உறுதியளித்தன; திருப்பூரில் ஆடை வாங்குவோரும் அவற்றுள் உண்டு. 2020இல் கொள்முதல் இலக்கு முறை நீக்கப்பட்டது. 2022 மார்ச்சில் புறக்கணிப்பும் முடிவுக்கு வந்தது.

நமக்குரிய படிப்பினை

அரசு வீழ்ந்தாலும், சந்தை வீழ்ந்தாலும், மனிதன் முதலில் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவைத்தான். ஆகவே மஹல்லா, துன்பம் வருமுன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வேலை நின்ற வீடு, விதவையின் வீடு, கல்விக் கட்டணம் கட்ட இயலாத வீடு எவை என்பதை நம் நிர்வாகம் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அவ்விவரம் உதவி செய்வதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். பைத்துல்மால் கணக்கு ஜமாஅத்தார் அனைவருக்கும் தெரிய வேண்டும். உதவி பெற்றவரின் பெயரோ எவருக்கும் தெரியக்கூடாது.

இம்மலரின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டும்போது இதனையும் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். உஸ்பெக் மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடத்தை, இன்ஷா அல்லாஹ், நாம் படித்தே கற்றுக்கொள்வோமாக.