தமிழகச் சுவரோவியம்

கற்சுவர், செங்கற்சுவர், குகை விதானம் ஆகியவற்றின் மேல் சாந்து பூசி, அதன்மீது வண்ணம் கொண்டு எழுதுவது சுவரோவியம். தமிழகத்தில் இதற்கான இலக்கியச் சான்று எஞ்சியுள்ள ஓவியங்களைவிட மிகப் பழையது. பாண்டியருள் ஒருவன் ‘சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்’ என்றே பெயர் பெற்றான். திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்கிருந்த ஓவியங்களைச் சுட்டி, இவன் காமன், இவள் ரதி, இது அகலிகை கதை என்று உடன்வந்தோருக்கு விளக்கிச் சொல்வதைப் பரிபாடல் காட்டுகிறது. அந்த ஓவியங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கல் நிலைத்தது, சாந்து உதிர்ந்தது. எந்த ஓவியம் பிழைத்தது, எது அழிந்தது என்பதைப் பெரும்பாலும் சாந்துதான் தீர்மானித்திருக்கிறது.

மகேந்திரவர்மப் பல்லவனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டம் உண்டு. ஆயினும் பல்லவர் ஓவியம் என்று இன்று நாம் கண்டு மகிழ்பவை அவனுக்கு ஒரு நூற்றாண்டு பிந்திய இராசசிம்மன் காலத்தவை. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் சுற்றிலுள்ள சிற்றாலயங்களில், பிற்காலப் பூச்சுக்கு அடியில் இருந்த வண்ணத் துணுக்குகளை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் கண்டறிந்தார். விழுப்புரம் மாவட்டம் பனைமலையில், மணிமுடி தரித்து, குடைநிழலில் ஒருகால் மடித்து நிற்கும் உமை எஞ்சியிருக்கிறாள். சிவனின் ஆடலைக் காணும் அந்த முகத்தின் கனிவுக்கு ஈடான பல்லவர் ஓவியம் வேறில்லை.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில் சமணர் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக்குளம். மீன், அன்னம், எருமை, யானை எல்லாம் அதில் உண்டு. மலர் பறிப்போரும் உண்டு. மொட்டு, விரிந்த பூ, திரும்பிய இலை என ஒவ்வொன்றையும் ஓவியர் தனித்தனியே கவனித்து எழுதியிருக்கிறார். சமணர் இதைத் தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையான சமவசரணத்துக்குச் செல்லும் வழியிலுள்ள பொய்கையாகக் கொள்வர். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் (9ஆம் நூற்றாண்டு) மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்குடைவரையைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

இம்மரபின் உச்சம் தஞ்சைப் பெரிய கோயில். 1010 அளவில் நிறைவெய்திய, இராசராசேச்சரம் எனப்படும் இக்கோயிலின் கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட, குறுகலான உட்சுற்று செல்கிறது. அதன் சுவர்களில் இருந்தவை நாயக்கர் கால ஓவியங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல், மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியங்களைக் கண்டார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றைச் சோதித்து, ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்தின்மேல் எழுதப்பட்டவை என்று நிறுவினார். சாந்து காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகும். வண்ணமும் அதனுள் சிக்கி ஒன்றாகிவிடும். அன்று பூசிய பரப்பை ஈரம் போவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். தயங்கவோ அழித்து எழுதவோ நேரமில்லை. சோழர் கோடுகளின் உறுதிக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

சுந்தரர் கதை அங்கு ஒரு முழுச் சுவரை நிறைக்கிறது. திருமணச் சமையல் ஒருபுறம். ஓலையைக் காட்டி வழக்காடும் கிழவர் ஒருபுறம். மேலே வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகிறார்கள். மற்றொரு சுவரில் திரிபுராந்தகரான சிவன் பல கைகளோடு தேரில் நிற்கிறார். எதிரே அசுரர் திமிறி வருகின்றனர். அவர்களைப் பற்றிக்கொண்டு பெண்கள் கலங்குகின்றனர். வெல்பவனின் புகழ்பாட அமைந்த ஓவியத்தில், தோற்கப்போகிறவர் வீட்டுப் பெண்களின் அச்சத்துக்கும் இடம் தந்த அந்த ஓவியரின் பெயர் நமக்குக் கிடைக்காதது பேரிழப்பு.

மேலே பூசி எழுதிய நாயக்கர் ஓவியங்களே அடியிலிருந்தவற்றைப் புகையிலிருந்தும் கைபடுவதிலிருந்தும் காத்தன. அவையும் மதிப்புடையவை என்பதால், இந்தியத் தொல்லியல் துறை பிற்கால அடுக்கைச் சிதைக்காமல் பிரித்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிப் பாதுகாத்தது. எல்லாக் கோயில்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. குடமுழுக்குக்கு முன் அடிக்கும் வெள்ளையிலும் புதுப் பூச்சிலும் மறைந்துபோன சுவர்கள் ஏராளம்.

விசயநகர, நாயக்கர் காலத்தில் ஓவியம் கருவறைப் பக்கத்திலிருந்து மண்டப விதானங்களுக்கு வந்தது. கதை பட்டை பட்டையாக நீள, ஒவ்வொரு காட்சியின் கீழும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலிலும் சிதம்பரம் சிவகாமியம்மன் கோயிலிலும் இதைக் காணலாம். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை எழுதிய சிங்காதனம் தம் பெயரையும் அங்கே பொறித்திருக்கிறார். ஓவியர் பெயர் அரிதாகவே கிடைக்கும் இம்மரபில் இது பெரும் செய்தி.

18ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் சேதுபதி மன்னரே ஓவியப் பொருளானார். ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியும் தஞ்சை மராத்தியரோடு போரிடும் காட்சியும் இராமாயணத்தோடு ஒரே மாளிகையில் இடம்பெற்றன. அதே காலத்தையொட்டித் தஞ்சையில் மராத்தியர் ஆதரவில் பலகை ஓவியம் வளர்ந்தது. பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பாக்கி, தங்கத் தகடும் கல்லும் பதித்த அப்படங்கள் வீட்டுப் பூசையறைக்குப் போயின.